செவுத்துல ஒட்டுன பயோடேட்டா

எங்க சாமிக்குத் தாடி கெடையாது. ஒரு தடவை வளத்துப் பாத்தாரு. நாடியில நாலே நாலு முடி வந்துச்சு. ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு சாமின்னு சொன்னேன். மறுநாளே மழிச்சுட்டாரு. சிஷ்யன் சொன்னா கேக்குற குருவை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

மடம்னு சொல்றோமே தவிர, அது ஒரு பழைய அச்சாபீஸு. மலையடிவாரத்துல, பஸ் ஸ்டாப்பு ஓரமா, தகரம் போட்ட கட்டடம். சாமி சாமியாகுறதுக்கு முன்னாடி அங்க போஸ்டர் அடிச்சுட்டிருந்தாரு. காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி, எல்லாம். நான் அவருக்குப் பசை காய்ச்சி, கொண்டு போயி ஒட்டுற ஆளு.

ஒரு நாளு மீசை வச்ச பெரியவரு ஒருத்தரு செத்துட்டாரு. அவரு படத்துக்குக் கீழ, போன வாரம் செத்த ஒரு அம்மாவுக்கு எழுதுனத மாத்தாம அடிச்சுட்டோம். “அன்னமிட்ட தாயே, எங்களை விட்டு எங்கே சென்றாய்?” ஊரு பூரா ஒட்டியாச்சு. சண்டைக்கு வருவாங்கன்னு கடையச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தோம். அடக்கம் முடிஞ்சுது, கருமாதி முடிஞ்சுது, ஒருத்தரும் வரல. ஒருத்தரும் படிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் சாமி கடையத் தொறக்கல. அப்படியே உள்ள உக்காந்துட்டாரு. நானும் கூட உக்காந்துட்டேன். மெஷினு இன்னும் இருக்கு. அது மேல துணி காயப் போடுறோம்.

கோதண்டம் அண்ணன் எங்களுக்கு மூணாவது சிஷ்யரு. ரெண்டாவது யாருன்னு கேக்காதீங்க, அது பூனை.

அண்ணன் சாமிய விட ரொம்ப மூப்பு. நூல் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவரு. பேரிங்கு, பெல்ட்டு, கிரீஸு, ஆணி, எல்லாம் அவரு சாவியில. மில்ல மூடி எட்டு மாசம் ஆச்சு. எங்கெங்கயோ பயோடேட்டா அனுப்புனாரு, ஒரு எடத்துல இருந்தும் போன் வரல. வீட்டுல செண்பகம் அக்கா தையல் மிஷினை மிதிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்க அவரால முடியல. இங்க வந்து உக்காந்துக்குவாரு. சில நாளு இங்கயே படுத்துக்குவாரு. கேட்டா தியானம்பாரு. கொறட்டை விடுற தியானம்.

அன்னைக்குக் கையில நாலு பக்கத்தோட வந்தாரு.

“சாமி, பைபாஸ் கிட்ட புதுசா மொளகா வத்தல் கிடங்கு தொறக்குறாங்க. ஏசி போட்ட பெரிய கிடங்கு. சரக்கு உள்ள வாறது வெளிய போறது எல்லாத்துக்கும் பொறுப்பா ஒரு ஆளு வேணுமாம். சனிக்கிழமைக்குள்ள பயோடேட்டா குடுக்கணும்.”

“குடுங்க.”

“குடுத்துக் குடுத்துத்தான் சாமி எட்டு மாசம் ஓடிப் போச்சு. இதுவும் போச்சுன்னா என் வயசுக்கு இந்தப் பக்கம் வேற வேலை கெடையாது. ஏதாச்சும் ஏடிஎம் வாசல்ல தொப்பி மாட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.”

சாமி நாலு பக்கத்தையும் வாங்கிப் பாத்தாரு.

“யாருண்ணே இது?”

“நான்தான் சாமி.”

“மூஞ்சி உங்களுது. கோட்டு யாருது?”

“பிரவுசிங் சென்டர்ல கம்ப்யூட்டர்லயே மாட்டி விட்டாங்க.”

சாமி சத்தமாப் படிச்சாரு. “கடின உழைப்பாளி. தன்னம்பிக்கை மிக்கவர். குழுவோடு இணைந்து செயல்படுபவர். எந்தச் சூழ்நிலையிலும் பணியாற்றக் கூடியவர்.”

“எல்லாருக்கும் அதான் போடுவாங்க சாமி. பேரை மட்டும் மாத்திக்குவாங்க.”

“பொழுதுபோக்கு. பரதநாட்டியம், கோலம் போடுதல்.”

அண்ணன் காகிதத்தப் பிடுங்கிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. மூக்குக் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தாரு. அது அங்கயேதான் இருந்துச்சு.

“அண்ணே,” நான் கேட்டேன், “இத்தனை நாளு பழகிருக்கோம், ஒரு தடவை கூட ஆடிக் காட்டலையே.”

“எனக்கு முன்னாடி ஒரு டான்ஸ் டீச்சரு அடிச்சுட்டுப் போச்சுடா. அதை அழிக்காம எனக்கும் விட்டுட்டாங்க போல.”

“எத்தனை எடத்துக்கு இது போயிருக்கும்?” சாமி கேட்டாரு.

“எல்லா எடத்துக்கும் இதான் சாமி போச்சு.”

“ஒருத்தரும் போன் பண்ணி, ஐயா நீங்க ஆடுவீங்களான்னு கேக்கலையா?”

“இல்ல.”

சாமி துணி காயுற மெஷினக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் கடைசிப் பக்கத்தத் திருப்புனாரு. “உங்களப் பத்தி விசாரிக்கணும்னா ரெண்டு பேரு பேரு போட்டிருக்கீங்க. ஒண்ணு கவுன்சிலரு. அவருக்கு உங்களத் தெரியுமா?”

“வணக்கம் வச்சா தலையாட்டுவாரு.”

“இன்னொருத்தரு வக்கீலு.”

“அவரு தலையாட்ட மாட்டாரு.”

நான் சிரிச்சுட்டேன். அண்ணன் சிரிக்கல. சாமி காலடியில உக்காந்துட்டாரு.

“எப்படித்தான் சாமி எழுதுறது? எப்படி எழுதுனா ஒருத்தன் கூப்பிடுவான்?”

சாமி நாலு பக்கத்தையும் மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. “இன்னைக்கு இங்கயே படுங்கண்ணே”ன்னு சொல்லிட்டுச் சைக்கிள எடுத்துட்டு டவுனுக்குப் போனாரு. பொழுது சாயத் திரும்பி வந்தாரு. கேரியர்ல ஒரு காகிதச் சுருளு.

“சங்கிலி,” என்னையத்தான், “விடியக்காலம் பசை காய்ச்சு.”

எனக்குச் சந்தோஷம். எத்தனை வருஷம் ஆச்சு மைதா கிண்டி. பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் போட்டு, கட்டி தட்டாம, கூழு மாதிரி காய்ச்சி எறக்குனேன். கெழக்க வெளுத்துச்சு. சாமி என்னைய வெளிய கூட்டிட்டுப் போயி, பஸ் ஸ்டாப்பப் பாத்த செவுத்தக் காட்டி, சுருளக் கையில குடுத்தாரு. விரிச்சேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா கறுப்புக் கட்டத்தப் பாக்க எழுத்து எதுக்கு. எத்தனை ஒட்டியிருக்கேன். மேல கண்ணீர் அஞ்சலி. நடுவுல கோட்டு மாட்டுன கோதண்டம் அண்ணன். ஒரு பக்கம் தோற்றம்னு போட்டு அவரு பொறந்த தேதி. இன்னொரு பக்கம் மறைவுன்னு போட்டு ஒண்ணும் இல்ல, வெறும் காகிதம். கீழ அந்த பயோடேட்டா, ஒரு எழுத்து மாறாம. கடின உழைப்பாளி. எந்தச் சூழ்நிலையிலும் பணியாற்றக் கூடியவர். பரதநாட்டியம். கடைசியா, இப்படிக்கு வருந்தும் நண்பர்கள்.

சுருள மறுபடி சுத்திட்டேன்.

“சாமி. அண்ணன் உள்ள கொறட்டை விடுறாரு.”

“கேக்குது. கோணாம ஒட்டு.”

“செண்பகம் அக்கா பாத்தாங்கன்னா இன்னொரு போஸ்டர் அடிக்கணும் சாமி.”

“நேத்தே அவங்க வீட்டுக்குப் போயிக் கேட்டுட்டுத்தான் அடிச்சேன்.”

“என்ன சொன்னாங்க?”

“வருவாங்க, நீயே கேட்டுக்க. மேல் மூலையில பசை பத்தல பாரு.”

ஒட்டுனேன். குரு சொன்னா ஒட்டணும்ல. உசுரோட இருக்குற ஒரு மனுஷன் மூஞ்சியில பசை தேச்சது அன்னைக்குத்தான். கண்ணு பக்கம் வந்தப்ப மெதுவாத் தேச்சேன்.

அண்ணன் எந்திரிச்சு, வெரல்ல பல்பொடியோட வெளிய வந்தாரு. தேச்சுக்கிட்டே நிமிந்தாரு. வெரலு வாய்க்குள்ளயே நின்னுருச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. மறுபடி மேல போனாரு. வாயில நொரை வழியுது, தொடைக்கக் கூட இல்ல.

“சாமி,” செவுத்தக் காட்டிக் கேட்டாரு, “நான் செத்துட்டேனா?”

“தேதி போடலண்ணே. பாத்துக்கோங்க.”

“எம் பொண்டாட்டிக்கு யாரு சொல்றது?”

“சொல்லியாச்சு.”

அண்ணன் கிழிக்கப் பாய்ஞ்சாரு. சாமி கையப் பிடிச்சாரு.

“கிழிங்க. மில்லு வேனு போனதுக்கப்புறம் கிழிங்க. அதுவரைக்கும் உள்ள போயி, இந்த ஜன்னலுக்குக் கீழ உக்காருங்க. செத்தவங்க பேசக் கூடாது.”

“எதுக்கு சாமி இந்தக் கொடுமை?”

“எப்படி எழுதுறதுன்னு கேட்டீங்களேண்ணே.”

மூடுன மில்லுல வேலை பாத்தவங்க பாதிப் பேரு இப்ப வேற ஒரு மில்லுக்குப் போறாங்க. அவங்க வேனு எங்க பஸ் ஸ்டாப்புலதான் நிக்கும். அண்ணனுக்கும் அது தெரியும். பல்பொடியத் துப்பக் கூட இல்லாம உள்ள ஓடிட்டாரு.

மொதல்ல வந்தது வெள்ளத்தாயி அக்கா. கோன் சுத்துற செக்சன்ல இருந்தவங்க. போஸ்டரப் பாத்ததும் தூக்குச்சட்டி கையில இருந்து விழுந்துச்சு. சோறு தரையில.

“அய்யோ. நம்ம ஸ்டோர் அண்ணன்.”

பின்னாடியே ஏழெட்டுப் பேரு வந்துட்டாங்க. ஆம்பளைங்க தலையில கட்டியிருந்த துண்ட எடுத்தாங்க. ஜன்னலுக்குக் கீழ மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

“எப்படிடா சங்கிலி?” ஒருத்தரு கேட்டாரு. பூமிநாதன்னு, ஃபிட்டரா இருந்தவரு.

எனக்குப் பொய் சொல்ல வராது. “காலையில எந்திரிச்சாரு. வெளிய வந்தாரு. பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு.”

“மாரடைப்பு,” எல்லாரும் தலையாட்டுனாங்க.

பூமிநாதன் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. “கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து…” நிறுத்துனாரு. “இது யாரப்பத்தி எழுதியிருக்கு?”

“ஏன்?”

“மூஞ்சி கோதண்டம். எழுத்து வேற எவனோ. அந்தாளு எங்கய்யா குழுவோட இணைஞ்சாரு? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒத்தையில உக்காந்திருப்பாரு. பொழுதுபோக்கு, பரத…” மறுபடி நிறுத்துனாரு. “நாட்டியம்.”

எல்லாரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க.

“இருக்கும்யா,” ஒருத்தரு மெதுவாச் சொன்னாரு. “வீட்டுக்குள்ள என்ன பண்றாங்கன்னு வெளிய யாருக்குத் தெரியும்?”

ஜன்னலுக்குக் கீழ ஏதோ முட்டுன சத்தம். தலையத்தான் செவுத்துல முட்டிக்கிட்டாருன்னு நெனைக்கிறேன்.

வெள்ளத்தாயி அக்காவுக்குக் கோவம் வந்துருச்சு. “செத்தவரக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் பெருமழைக்கு மில்லுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னுச்சே, மறந்து போச்சா? பக்கத்து மில்லெல்லாம் மாசக்கணக்குல ஓடல. நம்ம மில்லு மறுநாளே ஓடுச்சு. எப்படி ஓடுச்சு? மாத்திப் போட பேரிங்கும் பெல்ட்டும் நனையாம இருந்துச்சு. பின்பக்கம் சாக்கடை அடைச்சிருக்கு அடைச்சிருக்குன்னு இவரு ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, ஒருத்தனும் கேக்கல. அப்புறம் தானே செங்கல்லக் கொண்டாந்து அடுக்கி, கீழ்த்தட்டுச் சாமானத்தெல்லாம் மேல ஏத்தி வச்சாரு. மழைக்கு முந்தின வாரம். ‘என்னண்ணே, வீடு கட்டுறீங்களா’ன்னு நான்தான் கிண்டல் பண்ணுனேன்.” மூக்கச் சிந்துனாங்க.

“மொதலாளி மகன் சீட்டு இல்லாம வயரு கேட்டான் பாரு,” பூமிநாதன் சொன்னாரு. “வீட்டுக் கல்யாணத்துக்கு சீரியல் செட்டுப் போட. ‘தம்பி, சீட்டு எழுதிட்டு வாங்க’ன்னுட்டாரு. அவன் குதிக்கிறான், இவரு கம்பி வலைக்குள்ள தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. கடைசில மொதலாளியே சீட்டு எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போனாரு.”

“இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு விட மாட்டாரு. இங்க இல்ல, மதுரையில இன்ன கடையில இருக்கும், நான் சொன்னேன்னு சொல்லுன்னு சொல்லி விடுவாரு.”

“சிரிக்கத்தான் மாட்டாரு.”

“ஆமா. சிரிச்சா சீட்டு கேப்பாரு.”

அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அப்பத்தான் செண்பகம் அக்கா தூக்குவாளியோட வந்தாங்க. கூட்டம் வெலகி வழி விட்டுச்சு. பொம்பளைங்க கட்டிப் பிடிக்க ரெடியானாங்க. அக்கா போஸ்டர் முன்னாடி நின்னு நல்லாப் பாத்தாங்க.

“போட்டோ நல்லா விழுந்திருக்கு,” அப்படின்னாங்க.

கட்டிப் பிடிக்க வந்தவங்க ஒரு அடி பின்னால போனாங்க.

“பரதநாட்டியமா? தாலி கட்டிட்டு மணவறையச் சுத்தி வர்றப்பவே கால் தடுக்கி என் மேல விழுந்த ஆளு.”

“செண்பகம்,” வெள்ளத்தாயி அக்கா தோளப் பிடிச்சாங்க, “அழுதுரு தாயி.”

“எதுக்கு அழணும்? எட்டு மாசமா வீட்டுல பாயும் அவரும் ஒண்ணாத்தான் கெடந்தாங்க. எது பாயி எது மனுஷன்னு பெருக்குறப்பதான் தெரியும். சாமி வந்து, இப்படி ஒண்ணு ஒட்டட்டுமான்னு கேட்டாரு. ஒட்டுங்கன்னேன்.”

“அதிர்ச்சியில பேசுது,” வெள்ளத்தாயி அக்கா மத்தவங்களப் பாத்துச் சொன்னாங்க. “அழுக வரலைனா நெஞ்ச அடைச்சிரும். அழ வையுங்கடி.”

நாலு பேரு அக்காவச் சுத்தி உக்காந்து ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டாங்க. அக்கா நடுவுல உக்காந்து, தூக்குவாளியில இட்லி ஆறுதேன்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் சாமியப் பாத்தேன். சாமி மெஷின் மேல காயுற வேட்டிய மடிச்சுக்கிட்டிருந்தாரு.

வேனு வந்து ஹாரன் அடிச்சுது. ஒருத்தரும் ஏறல. அந்த நேரத்துலதான் சுடலைமணி வந்தான்.

சுடலைமணின்னா மில்லுல எது காணாமப் போனாலும் மொதல்ல அவன் பையத்தான் சோதிப்பாங்க. பாதி நாளு அதுலதான் இருக்கும். செருப்ப அந்தப் பக்கம் கழட்டிட்டு வந்தான். கையில செவ்வந்தி மாலை. எங்க எடுத்தான்னு நான் கேக்கல. செவுத்துல இருந்த ஆணியில மாலைய மாட்டிட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னான். ஒப்பாரி நின்னுருச்சு.

“இந்தாளு செத்தா வெடி வாங்கிப் போடுவேன்னு சொன்னவன் நானு,” அப்படின்னான். “வாங்கத்தான் போனேன். காலு பூக்கடைக்குப் போயிருச்சு.”

“ஏண்டா அப்படிச் சொன்ன, பாவி?”

“பின்ன? மில்லுல எல்லா எடத்துலயும் கை வச்சிருக்கேன். கேன்டீன்ல, ஆபீஸ்ல, மொதலாளி கார்ல. இந்தாளு ஸ்டோர்ல மட்டும் முடியல. பதினாறு வருஷம். ஜன்னல் வழியாப் பாத்தேன், கூரை வழியாப் பாத்தேன். தண்ணி குடிக்கப் போற மாதிரி போயிப் பாத்தேன். சாமானத் தொட்டா, அது இருந்த எடம் மாறுனது மறுநாளு இந்தாளுக்குத் தெரியும். பூட்டுப் போட்டுட்டுப் போனா மூணு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் போவாரு. மறைஞ்சு நின்னு நானும் கூடவே எண்ணுவேன்.”

கண்ணத் தொடச்சுக்கிட்டான்.

“ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். கடைசி வருஷம். ஒரு டார்ச் லைட்டு.”

“அது நீதானா?”

சத்தம் செவுத்துல இருந்து வந்துச்சு. போஸ்டருக்குப் பின்னாடி இருந்து.

ஒப்பாரிக்கு உக்காந்திருந்தவங்க எந்திரிச்ச வேகத்த நான் ஆயுசுல பாத்ததில்ல. பூமிநாதன் வேனுல ஏறிக் கதவச் சாத்திக்கிட்டாரு. வெள்ளத்தாயி அக்கா செண்பகம் அக்கா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க. சுடலைமணி ஓடல. மண்ணுல அப்படியே உக்காந்துட்டான்.

ஜன்னல்ல கோதண்டம் அண்ணன் எந்திரிச்சு நிக்கிறாரு. வாயச் சுத்திப் பல்பொடி காஞ்சு வெள்ளையா இருக்கு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு.

“மஞ்ச கலரு டார்ச்சு. ரெண்டாவது அலமாரி, எடது ஓரம். இருப்புல ஒண்ணு கொறையுதே கொறையுதேன்னு மில்லு மூடுற அன்னைக்கு வரைக்கும் தேடுனேன்டா.”

சுடலைமணி கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணே. அதுல பேட்டரியே இல்லண்ணே.”

“எப்படி இருக்கும்? உள்ளயே கெடந்தா கசிஞ்சிரும்னு நான்தான் கழட்டி வேற டப்பாவுல வச்சிருந்தேன்.”

அப்புறம் நடந்தத சுருக்கமாச் சொல்லிடுறேன். வெள்ளத்தாயி அக்கா கீழ கொட்டுன சோத்துக்குப் பதில் சொல்லுன்னு என்னையத்தான் அடிச்சாங்க. அண்ணனை யாரும் அடிக்கல. எல்லாரும் அவரு கையத் தொட்டுப் பாத்தாங்க. சூடு இருக்கான்னு. செண்பகம் அக்கா தூக்குவாளியத் தொறந்து, “பொணம் இட்லி தின்னுமா?”ன்னு கேட்டாங்க. அண்ணன் அவங்கள நிமிந்து பாத்தாரு. எட்டு மாசத்துல மொதத் தடவையோ என்னமோ.

வேனு போனதுக்கப்புறம் அண்ணனே போஸ்டரக் கிழிச்சாரு. பழைய நாலு பக்கத்தையும் சேத்துக் கிழிச்சாரு. ஒரு வெள்ளைத் தாள எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தாரு. கோட்டுப் போட்ட படம் இல்ல. கடின உழைப்பாளி இல்ல. செங்கல்லு அடுக்குனத எழுதுனாரு. பக்கத்து மில்லெல்லாம் நின்னப்ப அவரு மில்லு ஓடுனத எழுதுனாரு. சீட்டு இல்லாம மொதலாளி மகனுக்குக் கூடச் சாமான் குடுத்ததில்லைன்னு எழுதுனாரு. அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு இன்னொரு வரி. அத சாமி எனக்குப் படிச்சுக் காட்டுனாரு.

“பதினாறு வருடங்களில் ஒரு டார்ச் லைட் காணாமல் போனது. எடுத்தவர் இன்று கிடைத்துவிட்டார்.”

ஒரு பக்கம் கூட நெறையல. கடைசியில, விசாரிக்கிறதுக்குன்னு, மறுபடியும் அதே கவுன்சிலரு, அதே வக்கீலு. சாமி அதப் பாத்துட்டு மடிச்சு என்கிட்ட குடுத்தாரு.

“சங்கிலி, இத டைப் அடிச்சு, கிடங்குல குடுத்துட்டு வா.”

வாசல் வரைக்கும் கூடவே வந்து, காதுல ஒண்ணு சொன்னாரு.

“சாமி, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னு போட்டுருவாரு.”

“போஸ்டர் என் செலவு. போ.”

பிரவுசிங் சென்டர்ல அந்த அம்மா அடிச்சு முடிச்சுட்டு, “பொழுதுபோக்கு என்ன போடட்டும்?”னு கேட்டாங்க.

“ஒண்ணும் வேணாம்மா. அண்ணன் ஆடுறத விட்டுட்டாரு.”

புதன்கிழமை கிடங்குல இருந்து போன் வந்துச்சு. வியாழக்கிழமை அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. மத்தியானம் திரும்பி வந்தாரு. செருப்பக் கூடக் கழட்டாம உள்ள வந்து சாமி முன்னாடி நின்னாரு.

“சாமி, கவுன்சிலரு பேர எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“வக்கீல் பேர?”

“அதுவும் நான்தான்.”

“அந்த எடத்துல சுடலைமணி பேரையும் போன் நம்பரையும் போடச் சொன்னது?”

நான் பூனையத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமா நழுவப் பாத்தேன். “நீயும் நில்லுடா”ன்னாரு. நின்னேன்.

“என்னண்ணே நடந்துச்சு?” சாமி கேட்டாரு.

“என்ன நடந்துச்சா? கிடங்கு மொதலாளி அண்ணாச்சி என்னைய எதுத்தாப்புல உக்கார வச்சுக்கிட்டே அவனுக்குப் போன் போட்டாரு. எனக்கும் கேக்குற மாதிரி சத்தமா வச்சாரு. ‘கோதண்டத்துக்கு நீங்க மேலதிகாரியா?’ன்னு கேக்குறாரு. ‘இல்லைங்க அண்ணாச்சி, நான் அங்க திருடிக்கிட்டிருந்தேன்’னு சொல்றான் சாமி. ‘எல்லா எடத்துலயும் எடுத்தேன், இவரு ஸ்டோர்லதான் ஒரு டார்ச் லைட்டுக்கு மேல முடியல’ங்கிறான். அண்ணாச்சி குடிச்ச காப்பி மூக்குல ஏறிருச்சு. நான் நாற்காலியில இருக்கேனா தரையில இருக்கேனான்னு தெரியல.”

“பெறகு?”

“‘இந்தாளு பொல்லாதவருங்க, வேலைக்கு வைக்காதீங்க’ன்னுட்டான். ‘ஏன்’னாரு அண்ணாச்சி. ‘உங்க கிடங்குல லோடுமேன் வேலைக்கு வரலாம்னு இருக்கேன். இவரு அங்க இருந்தா எனக்குப் பொழப்பு நடக்காது’ங்கிறான்.”

நான் பூனை முதுகுல மூஞ்சிய வச்சு அமுக்கிக்கிட்டேன். சிரிச்சா அடி விழும்.

“அண்ணாச்சி என்ன சொன்னாரு?”

அண்ணன் மடியில இருந்து ஒரு சாவிக்கொத்த எடுத்துத் தரையில வச்சாரு. புதுச் சாவி. பளபளன்னு இருந்துச்சு.

“ஒண்ணும் சொல்லல. மூக்கத் தொடச்சாரு. அப்புறம் டிராயரத் தொறந்து இத எடுத்து வச்சாரு. திங்கக்கிழமையில இருந்து வரச் சொன்னாரு.”

“பெறகென்னண்ணே கோவம்?”

“வேலை கெடைச்சுது சாமி. இல்லைங்கல. ஆனா கேக்குறேன்.” அண்ணன் சாவிக்கொத்தச் சாமி பக்கம் தள்ளுனாரு. “இந்த ஊர்ல எத்தனை பெரிய மனுஷங்க இருக்காங்க. எல்லாரையும் விட்டுட்டு, என்னையப் பத்தி ஒரு களவாணிப் பயதான் சொல்லணுமா?”

சாமி சாவிக்கொத்த எடுத்து அவரு கையில குடுத்தாரு.

“அந்தப் பெரிய மனுஷங்கள்ல யாராச்சும் ஒருத்தரு, ஒரு நாளாச்சும், உங்க ஸ்டோர் கதவத் தள்ளிப் பாத்திருக்காங்களாண்ணே?”

அண்ணன் சாவிக்கொத்த மடியில சொருகுனாரு. மூணு தடவை இழுத்துப் பாத்துக்கிட்டாரு.

நான் அதக் கிண்டல் பண்ணல. என்னையத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம்னு.